கால்டன் பற்றி நீ கேட்டது

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று என்பதில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்கு இந்த மே மாதத்தோடு பணி முடிகிறது. அதன்பிறகு வீட்டில் என்னை எப்படிச் சமாளிப்பது என்று இவள் இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2020-இல் தன் விரிவுரை அரங்கிலிருந்து ஆங்கில விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் பெயரை எடுத்தது நியாயமா, செத்து நூறு வருஷம் ஆன மனுஷன் மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தாய். எடுத்தது சரிதான் என்பது என் கட்சி. ஆனாலும் அந்த ஆள் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு.

டார்வினும் அவரும் ஒரே தாத்தாவின் பேரன்கள். எதைக் கண்டாலும் எண்ணிவிட வேண்டும், அளந்துவிட வேண்டும் அவருக்கு. பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையை வெட்டிச் சுத்தம் செய்தால் என்ன எடை தேறும் என்று ஜனங்கள் ஆறு பென்ஸ் கட்டி ஊகித்த சீட்டுகளைக் கேட்டு வாங்கி, தேறிய 787-ஐயும் வரிசைப்படுத்தினார். நட்டநடுவில் இருந்த ஊகம் 1207 பவுண்டு. அவர் 1907-இல் வெளியிட்ட கணக்குப்படி காளையின் எடை 1198. சாதாரண ஜனங்களின் தீர்ப்பை இவ்வளவு நம்பலாம் என்று தான் எதிர்பார்க்கவில்லை என அவரே எழுதினார். அப்போது வயது 85!

உயரக் கணக்கும் அப்படித்தான். 205 தம்பதிகள், வளர்ந்த பிள்ளைகள் 928 பேர். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களோடு சேர்த்துக்கொண்டார். தாய் தகப்பன் சராசரியைவிட மூன்று அங்குலம் கூடுதல் என்றால், பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு அங்குலம்தான் கூடுதல். குள்ளமான பெற்றோரின் பிள்ளைகளும் அதேபோல் நடுவை நோக்கி ஏறினார்கள். புள்ளியியல் வகுப்பில் நாங்கள் ரெக்ரஷன் என்று, ஒரு அளவை வைத்து இன்னொன்றைக் கணிக்க நடத்துவதெல்லாம் இங்கிருந்து வந்ததுதான்.

கைரேகையில் இனத்துக்கு இனம் வித்தியாசம் தெரியும் என்று நம்பித் தேடினார். அப்படி எதுவும் அகப்படவில்லை என்று 1892-இல் ஒளிக்காமல் புத்தகத்தில் போட்டார். எனக்குப் பிடித்த கால்டன் இவர்தான்.

என்ன பிரயோஜனம்? கணக்கு ஒவ்வொரு முறையும் முகத்துக்கு நேரே சொல்லியும், உசத்தியான குடும்பம் உசத்தியான பிள்ளையைப் பெறும் என்ற நம்பிக்கை மட்டும் அசையவில்லை. 1869-இல் நீதிபதிகளின் குடும்பங்களை ஆராய்ந்து திறமை ரத்தத்தில் வருகிறது என்றார். அந்த வீட்டுப் பையனுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம், பணம், செல்வாக்கு எல்லாம் அவர் கண்ணுக்குச் சின்ன விஷயம். 1883-இல் அந்த எண்ணத்துக்கு, அதாவது உசத்தியானவர்களை மட்டும் பெருக்கி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்பதற்கு, யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்து, புது மதம் மாதிரி மக்கள் மனதில் ஊன்ற வேண்டும் என்று பின்னால் பேசவும் செய்தார். அதே எண்ணத்தில் ஜெர்மனியில் நாஜிகள் போட்ட 1933 சட்டத்தால் சுமார் நான்கு லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை நடந்தது. 1911-இல் செத்தவரை அதற்குக் கூண்டில் ஏற்ற முடியாதுதான். ஆனால் தன் சொத்தில் அந்தத் துறைக்கே பேராசிரியர் பதவி வைத்துவிட்டுப் போனவரை ஒன்றும் அறியாத அப்பாவி என்றும் விட முடியாது. பலகையில் பெயர் வேண்டாம். பாடத்தில் இரண்டையும் சேர்த்தே நடத்துவேன்.

அப்புறம், பையன்கள் ப்ளைவுட்டில் ஆணி அடித்துக் கால்டன் பலகை ஒன்று செய்திருக்கிறார்கள். மேலிருந்து போடும் குண்டுகள் ஆணிகளில் மோதி மோதி விழுந்து நடுவில் அதிகமாகக் குவிய வேண்டும். இதிலோ எல்லாம் இடப்பக்கமே ஓடுகின்றன. மேசை கோணலா, ஆணி கோணலா என்று பட்டிமன்றம் நடக்கிறது. பொங்கலுக்கு வரும்போது உன் ரசமட்டத்தை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
ராகவன்