மேஃப்ளவருக்கு முன்பே வந்த கூலிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா உருவான கதை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேர், அவர்கள் தேடிய மத விடுதலை, முதல் குளிர்காலத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் மாண்டது எல்லாம் உருக்கமாகச் சொல்லப்பட்டிருந்தன. அதே கப்பலில் வேலையாட்களாக வந்தவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அவர்கள் குடியேறிய பிளிமத்துக்கு 13 ஆண்டுகள் முன்பே வர்ஜீனியாவில் எழுந்த ஆங்கிலேயக் குடியேற்றமான ஜேம்ஸ்டவுனுக்குக் கிடைத்ததோ அரைப் பத்தி. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அந்த நாட்டைத் தொடக்கத்தில் உழைத்து உண்டாக்கியவர்களின் கதை ஜேம்ஸ்டவுனில்தான் இருக்கிறது.

1609-10 குளிர்காலப் பட்டினியில் அந்த ஊரில் அறுபது பேர் அளவில்தான் உயிர் தப்பினார்கள். பிறகு ஜான் ரால்ஃப் என்ற குடியேறி புகையிலை பயிரிட்டார். லண்டனில் நல்ல விலை கிடைத்தது. காடு வெட்டவும் நாற்று நடவும் இலை பறிக்கவும் ஆள் தேவைப்பட்டது. கப்பல் கட்டணம் கொடுக்க வழியில்லாத இங்கிலாந்து ஏழைகள் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஊழியம் செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். 1618 முதல், ஓர் ஆளைக் கொண்டுவரும் செலவை ஏற்றவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம். ஆக, கூலியின் உழைப்பும் எசமானுக்கு, அவன் வந்திறங்கியதற்கான நிலமும் எசமானுக்கு. அந்த நிலமோ அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களுடையது. அவர்கள் 1622-இல் திருப்பித் தாக்கியதில் 347 குடியேறிகள் மாண்டனர்.

அதற்கு அடுத்த ஆண்டு, மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் என்ற குடியிருப்பிலிருந்து ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற ஒப்பந்த ஊழியன் தன் பெற்றோருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து பட்டாணியையும் தண்ணீர்க் கஞ்சியையும் தவிர எதையும் கண்டதில்லை என்கிறான். மேலங்கியை உடனிருந்தவனே திருடிவிட்டான். என்னை மீட்டுக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் விற்றுப் பிழைக்க ஏதாவது உணவுப் பொருள் அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறான். பாலாடைக்கட்டி அனுப்பினால் நன்றாகப் பழையதாகப் பார்த்து வாங்க வேண்டும். பீப்பாயில் அடுக்கும்போது ஒவ்வொரு கட்டிக்கும் நடுவே மரச்சீவலை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் அடித்தளத்துச் சூட்டில் அழுகிவிடும் என்றும் எழுதியிருக்கிறான். பசியால் துடிக்கும் ஒருவன் மரச்சீவல் வரை யோசித்திருக்கிறான். அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு நெடுநேரம் ஆனது.

கட்டுரை முழுவதுமாக விட்டுவிட்ட இன்னொன்று, ஒப்பந்த ஊழியம் எப்படி அடிமை முறைக்கு வழிவிட்டது என்பது. 1619-இல் வர்ஜீனியக் கரையிலுள்ள பாயிண்ட் கம்ஃபர்ட்டில் இருபது பேருக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டபோது அங்கே அடிமைச் சட்டம் என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. 1640-இல் ஹியூ க்வின் என்பவரிடமிருந்து மூன்று ஊழியர்கள் மேரிலாந்துக்குத் தப்பியோடிப் பிடிபட்டார்கள். மூவருக்கும் முப்பது கசையடி. டச்சுக்காரனுக்கும் ஸ்காட்லாந்துக்காரனுக்கும் நான்கு ஆண்டுகள் கூடுதல் ஊழியம். கறுப்பரான ஜான் பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுவதும் ஊழியம். ஒரே குற்றம், ஒரே நீதிமன்றம், ஒரே நாள்! 1662-இல், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் வந்தது. அடிமைப் பெண்ணின் குழந்தை பிறக்கும்போதே அடிமையானது. ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்று 1667-இல் இன்னொரு சட்டம். எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிய தொகுப்பு 1705-இல் வந்தது. இது ஏதோ பழைய வழக்கம் தானாகத் தொடர்ந்தது அல்ல. சட்டமன்றத்தில் உட்கார்ந்து நிலக்கிழார்கள் வரிவரியாக எழுதியது.

இது நமக்குத் தொலைதூரக் கதை என்று வாசகர்கள் எண்ண வேண்டியதில்லை. 1635-ஆம் ஆண்டு வர்ஜீனிய நில ஆவணம் ஒன்றில், ஜார்ஜ் மெனிஃபி என்பவர் கொண்டுவந்த ஆட்களின் பட்டியலில், ‘கிழக்கிந்தியன் டோனி’ என்ற பெயர் இருக்கிறது. இந்தியாவில் எந்த ஊரிலிருந்து வந்தவன் என்று அதில் இல்லை. அவன் பேரில் 50 ஏக்கர் மெனிஃபிக்குப் போனது. இரண்டு நூற்றாண்டு கழித்து, 1860-இல், சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களும் இப்படித்தான் ஆண்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் உங்கள் வாசகர்களிலும் இருக்கக்கூடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இத்தொடரின் அடுத்த பகுதி ஜேம்ஸ்டவுனின் உழைப்பாளிகளைப் பற்றியதாக இருக்கட்டும். ஃப்ரெத்தோர்னின் கடிதத்தைச் சுருக்காமல் முழுவதுமாகத் தமிழில் வெளியிடுங்கள். நீண்ட கடிதமல்ல, உங்கள் இதழின் இரண்டு பக்கங்களில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்