பீத்தோவன் வயலின் கான்செர்டோ: உன் ஹைஃபெட்ஸும் என் ஓய்ஸ்ட்ராக்கும்

பங்காளி,

உன் லெட்டர் வந்துச்சு. பையனுக்கு ஓசூர்லயே வேலை கெடச்சதுல ரொம்ப சந்தோஷம், கிருஷ்ணகிரிக்கு வாராவாரம் வந்து போவான், உங்களுக்கும் தெம்பா இருக்கும். இங்க தர்மபுரில எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலிதான் விட்டபாடில்ல. மாமரம் நல்லா பூ புடிச்சிருக்கு, பெங்களூராவுக்கு கூழ் ஃபேக்டரில என்ன ரேட்டு போடுவாங்களோ பாக்கணும்.

சரி விஷயத்துக்கு வரேன். பீத்தோவன் வயலின் கான்செர்டோன்னா, ஒரு வயலின்காரர் சோலோவா நின்னு முழு ஆர்கெஸ்ட்ராவோட வாசிக்கற அந்த உருப்படின்னா, வயலின்காரர் ஹைஃபெட்ஸ் 1955ல பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவோட வாசிச்சதுக்கு மேல எதுவும் இல்லன்னு எழுதிருக்க. மறுபடி போட்டுக் கேட்டேன். சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம், ஒரு எடத்துல கூட சுருதி அசையல. ஆனா முதல் மூவ்மென்ட்ட, அதாவது முதல் பகுதிய, 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலயே முடிச்சிடறாரு, அதே மூவ்மென்ட்டுக்கு என் வயலின்காரர் ஓய்ஸ்ட்ராக் 24 நிமிஷத்துக்கு மேல எடுத்துக்கறாரு, அந்த நாலு நிமிஷத்துலதான் பங்காளி எனக்கு எல்லாமே இருக்கு.

ஆரம்பத்த நெனச்சுப் பாரு, டிம்பனிங்கற பெரிய முரசு தனியா சன்னமா நாலு தட்டு, அஞ்சாவது தட்டுல ஊதற வாத்தியமெல்லாம் வந்து சேருது, கொஞ்ச நேரத்துல அதே தட்ட வயலின்கள் எல்லாம் சேந்து சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்வரத்துல திருப்பி வாசிக்குது பாரு, அங்க எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலுக்குது. சோலோ வாசிக்கறவரு மூணு நிமிஷம் போல சும்மா நிக்கணும். அந்த அழகான ரெண்டாவது தீம் இருக்கே, அத முழுசா அவரு கைல குடுக்கறதே கடைசில, ஆர்கெஸ்ட்ரா நிறுத்திட, அவரு தனியா வாசிக்கற கடென்ஸா முடிஞ்ச பிறகு, கனமான தந்தில, பின்னாடி மத்தவங்க வில்ல வெச்சுட்டு வெரலால தந்திய மீட்டிட்டு இருப்பாங்க. ஓய்ஸ்ட்ராக் 1958ல க்ளூய்ட்டன்ஸ் ஆர்கெஸ்ட்ராவ நடத்துன ரெக்கார்டுல அந்த எடத்த மட்டும் ஒரு தடவ கேளு. வில்ல அழுத்தவே இல்ல, சத்தத்த குறைச்சாலும் நாதம் அப்படியே நெறஞ்சு நிக்குது. ஹைஃபெட்ஸ் அங்கயும் அழகாதான் வாசிக்கறாரு, ஆனா நிக்க மாட்டேங்கறாரு.

கடென்ஸான்னதும் ஒன்னு சொல்லணும். பீத்தோவன் வயலினுக்கு கடென்ஸா எழுதி வெக்கல, அதனாலதான் பலரும் வயலின்காரர் க்ரைஸ்லர் எழுதுனத வாசிக்கறாங்க, ஓய்ஸ்ட்ராக்கும் அதேதான். ஆனா இதே கான்செர்டோவ பியானோவுக்கு மாத்துனப்போ பீத்தோவனே ஒரு கடென்ஸா எழுதிருக்காரு, அதுல டிம்பனியும் கூட சேந்துக்கும். அத ஷ்னைடர்ஹான்ங்கற வயலின்காரர் வயலினுக்குக் கொண்டு வந்து 1962ல யோகும் நடத்த, பெர்லின் பில்ஹார்மோனிக்கோட வாசிச்சாரு. தனி ஆவர்த்தனத்துக்கு காத்துட்டு கெடக்கற ஆளு நீ, வயலினும் டிம்பனியும் எதிர் எதிர்ல நின்னு பேசிக்கறது உனக்குப் புடிக்காம போகாது.

மெனுஹின் ரெக்கார்டு இழுவையா இருக்குன்னு எழுதிருந்த, அத என்னால ஒத்துக்க முடியல. 1947ல லூசர்ன்ல ஃபுர்ட்வெங்லர் ஆர்கெஸ்ட்ராவ நடத்த அவரு வாசிச்சது இது. நாஜி காலத்துல ஜெர்மனிய விட்டுப் போகாதவருன்னு ஃபுர்ட்வெங்லர் மேல ஊரே கோவமா இருந்த நேரம், ஒரு யூதக் கலைஞரா இருந்துட்டு மெனுஹின் அவரு பக்கத்துல போயி நின்னாரு, அதுக்கு நெறைய ஏச்சும் வாங்கினாரு. இந்தக் கதைக்காக மட்டும் நான் கேக்கல. மெதுவா போற ரெண்டாவது மூவ்மென்ட் லார்கெட்டோவுல ஆர்கெஸ்ட்ரா அடங்கின குரல்ல பாட்டச் சொல்லிட்டே போகுது, மெனுஹின் அது மேல ஒவ்வொரு ஸ்வரத்தையும் பயந்து பயந்து வெக்கற மாதிரி வெக்கறாரு. கை கொஞ்சம் தடுமாறுதுதான், இருக்கட்டும். அந்த மூவ்மென்ட்ட அதுக்கு மேல யாரு வாசிச்சும் நான் கேட்டதில்ல.

இந்த கான்செர்டோ 1806ல வியன்னால முதல்ல மேடை ஏறினப்போ பெருசா எடுபடல, 1844ல லண்டன்ல யோவாகிம்னு ஒரு 12 வயசுப் பையன் மெண்டல்சன் நடத்த வாசிச்ச பிறகுதான் நெலச்சுது. நம்ம ரெண்டு பேரும் ஆளுக்கொரு ரெக்கார்ட வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டறதுக்கு அந்தப் பையனுக்குதான் நன்றி சொல்லணும்.

மொதல்ல ஷ்னைடர்ஹான், அப்பறமா ஓய்ஸ்ட்ராக், இந்த வரிசைல கேளு. ஃபோன் ஸ்பீக்கர்ல போடாத, டிம்பனி காதுலயே விழாது. கேட்டுட்டு அதுக்கப்பறமும் ஹைஃபெட்ஸ்தான்னா ஏன்னு வெவரமா எழுது. தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் பங்காளி