மூன்று ஃபோல்டரும் ஒரு பிழையும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. என் பதில் தாமதமானதற்கு நானே இழுத்துவிட்டுக்கொண்ட வேலைதான் காரணம்.

எங்கள் மூன்று கம்பைலர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரிகிற வடிவமாக மாற்றுகிறவை? ஒரே நிரல்மொழி, அதன் மூன்று கிளைகள். முதல் ஃபோல்டரை அப்படியே காப்பியடித்துத்தான் மற்ற இரண்டையும் தொடங்கினேன். போன மாதம் லெக்சர், அதாவது நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி, ஹெக்ஸ் (16 அடிமான) எண்களைத் தப்பாகப் படித்ததைத் திருத்தினேன். ஒரு ஃபோல்டரில் மட்டும்! மற்ற இரண்டிலும் அதே பிழை சுகமாக உட்கார்ந்திருந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள் போயிற்று.

பெரியவர்கள் எப்படிக் குடித்தனம் செய்கிறார்கள் என்று பார்க்க, பல மொழிகளுக்கான பிரபல கம்பைலரான ஜிசிசியின் சோர்ஸை (மூல நிரலை) திறந்தேன். மொழிக்கு ஒரு ஃபோல்டர்: சி++க்கு 'சிபி', அப்புறம் ஃபோர்ட்ரான், அடா, 2023-ல் 13-ஆம் பதிப்போடு வந்த ரஸ்ட். ஒவ்வொரு சிப்புக்குமான பகுதிகள் எல்லாம் தனியாக 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள். 64 பிட் இன்டெல் கூட இன்னும் 'ஐ386' என்ற பழைய 32 பிட் சிப்பின் பெயரில்தான் இருக்கிறது, தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கிற வீடு மாதிரி.

எனக்குப் பிடித்தது 'சி-ஃபேமிலி'. சி, சி++, அப்ஜெக்டிவ்-சி மூன்றுக்கும் பொதுவானதை 2010-ல் பிரித்து அதில் வைத்தார்கள். சி-யில் அச்சிடப் பயன்படும் பிரிண்ட்எஃப்பில் எண் கேட்டுவிட்டு எழுத்துச் சரத்தைக் கொடுத்தால் எச்சரிக்கை வருமே, அந்தச் சோதனை இருப்பது அங்கேதான், ஒரே கோப்பில். சி-க்கே தனி ஃபோல்டர் கிடைத்தது 2012-ல்தான்; அதுவரை எல்லாவற்றுக்கும் மேலான ஃபோல்டரில், கூடத்தில் படுத்திருந்தது.

நான் என்றால் 'காமன்' (பொது) என்று பெயர் வைத்திருப்பேன். முன்பு ஒரு வேலையில் வைத்தும் பார்த்தேன். ஆறே மாதத்தில் போக்கிடமில்லாத கோப்பெல்லாம் அதில் வந்து சேர்ந்தது. யார் யாருக்குப் பொது என்று பெயரே சொன்னால், எதையாவது உள்ளே போடும்போது கை கொஞ்சம் தயங்கும்.

லெக்சரை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். கோப்பை நகர்த்துவது ஒரு கமிட் (மாற்றத்தின் பதிவு), திருத்துவது வேறு கமிட். கலந்துவிட்டால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் பழைய வரலாற்றைத் தேடுவது நரகம். சொற்களின் இலக்கண அமைப்பைப் பார்க்கும் பார்சரை ஒன்றாக்குவது பாதியில் நிற்கிறது. மூன்றாவது கிளை அதில் அநியாயத்துக்கு வேறுபடுகிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே? ஃபோல்டர் மரத்தைக் காட்டுகிறேன், திட்டுவதை நேரில் திட்டு.

அன்புடன்,
ரவி