துறையூருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வேலை பார்க்கும் தாய்மார்கள் பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டு வர, துறையூரில் ஒரு காப்பகம் வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது 'நாளை மின்தடை' பகுதியைத்தான். எங்கள் ஏரியா பெயர் அதில் இருந்தால் என் வேலை நாளே மாறிவிடும். பராமரிப்புப் பணி என்றால் காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் வர சாயங்காலம் ஆகலாம். எங்கள் இன்வெர்ட்டர் இரண்டரை மணி நேரம்தான் தாங்கும். அதனால் முந்தின நாள் ராத்திரியே பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, பாதி வேலையை முடித்து வைப்பேன்.

நான் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். ஆபீஸ் திருச்சியில், வீடு துறையூரில். பஸ்ஸில் போய்வரவே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், இரண்டாவது பிரசவ விடுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். மகளுக்கு இப்போது ஏழு வயது, மகனுக்கு மூன்று. கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. மாமியாருக்கு முழங்கால் வலி. ஓடுகிற பிள்ளையின் பின்னால் அவரால் ஓட முடியாது.

"உனக்கென்னம்மா, வீட்டில் இருந்தபடியே சம்பளம், பிள்ளையும் கண் முன்னால்" என்று உறவில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் மனதார வாழ்த்துகிறார்கள் என்று தெரியும். ஆனால் பிள்ளை கண் முன்னால் இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்க மருத்துவமனைகளில் டாக்டர்கள் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது என் வேலை. அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். ஐசிடி-10 என்கிற நோய்த் தொகுப்பில் மட்டும் 70,000 குறியீடுகளுக்கு மேல் உண்டு. வருடா வருடம் அக்டோபர் 1 அன்று சில சேரும், சில போகும். நோயாளியின் விவரம் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது அவர்களுடைய நாட்டுச் சட்டம். அதனால் அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், செல்போன் மேசையில் இருக்கக் கூடாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற வேலை இல்லை இது.

மகன் கைக்குழந்தையாக இருந்தவரை சமாளித்தேன். அறையிலேயே தூளி கட்டி, ஆட்டுகிற கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வேன். கை கீபோர்டில் இருக்கும், கால் தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும். அவன் நடக்கத் தொடங்கியதும் அந்தக் காலம் முடிந்துவிட்டது.

சென்ற வருடம் ஒரு நாள், கீழே விழுந்து வலது மணிக்கட்டுப் பக்கம் எலும்பு மடங்கிப்போன ஒரு சிறுவனின் சார்ட், அதாவது டாக்டரின் குறிப்பு, வந்தது. எஸ்52.521ஏ என்று போட வேண்டும். அந்தக் கடைசி 1 வலது கையைக் குறிக்கும், 2 போட்டால் இடது கை. நான் எண்ணை அடிக்கிற நேரத்தில் என் மகன் கதவைத் தட்டி அழுதான். ஓடிப்போய்த் தூக்கினேன். கால் சட்டையெல்லாம் ஈரம். கழுவி, மாற்றிவிட்டு, பாட்டியிடம் உட்கார வைத்துவிட்டு வந்து சார்ட்டை அனுப்பிவிட்டேன். மறுநாள் ஆடிட்டில், அதாவது எங்கள் வேலையைச் சரிபார்க்கும்போது, தெரிய வந்தது: இடது கை என்று போட்டிருக்கிறேன். அந்த மாதம் இப்படி நாலைந்து தவறு. 95 சதவீதத் துல்லியம் இருக்க வேண்டிய இடத்தில் கீழே இறங்கிவிட்டேன், ஊக்கத்தொகையும் போனது. எங்கோ ஒரு பிள்ளை கை வலியோடு உட்கார்ந்திருக்க, அவனுடைய ஏட்டில் நான் தப்பாக எழுதிவிட்டேனே என்பதுதான் பல நாள் உறுத்தியது.

அதன்பிறகு சில மாற்றங்கள் செய்தேன். டீம் லீடரிடம் பேசி, எட்டரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பார்க்காமல் பிரித்துக்கொண்டேன். விடிகாலை நாலரை முதல் ஏழு வரை ஒரு பகுதி, பத்து முதல் ஒன்று வரை ஒன்று, மிச்சம் இரண்டு மணிக்கு மேல். விடியற்காலையில் முடிகிற சார்ட்டுகள் மற்ற நேரத்தைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். அப்புறம், வேலைக்கு உட்காரும்போது கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொள்கிறேன். மகனுக்குப் படிக்கத் தெரியாது, மணி பார்க்கத் தெரியாது. ஆனால் கார்டு மாட்டினால் அம்மா ஆபீஸ், கழற்றினால் அம்மா என்பது ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. அவன் முழு நாளும் வீட்டில் இருந்தவரை, ஒரு மணிக்குக் கார்டைக் கழற்றி அவன் கையில் கொடுப்பேன். அவன்தான் ஆணியில் மாட்ட வேண்டும்; எட்டாது, தூக்கிப் பிடிப்பேன். அதிலிருந்து இரண்டு மணி வரை போனைக்கூடத் தொட மாட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை ஒரு நாளும் தவறவிடாமல் இருந்த பிறகுதான் அவன் கதவைத் தட்டுவதை நிறுத்தினான்.

இதையெல்லாம்விடப் பெரிய உதவி வெளியிலிருந்து வந்தது. மகள் நகராட்சி தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததால் அவள் பள்ளியிலேயே பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிடுகிறாள். காலை நேரத்தில் எனக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். மகனை இந்த வருடம் அங்கன்வாடியில் விட்டேன். முட்டை போடும் நாளில் அவனே செருப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். அங்கிருக்கும் டீச்சரம்மாவை நான் கும்பிடாத நாள் இல்லை. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து தூங்கி எழுந்ததும் அவனைக் கூட்டி வந்துவிட வேண்டும். என் வேலை அதற்குள் முடியாது. மே மாதம் வந்தால் மகளும் முழு நாளும் வீட்டில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம்தான் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். விடுப்பு முடிந்தபின் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்பதும் அதே திருத்தத்தில்தான் வந்தது. எங்கள் ஆபீஸிலும் காப்பகம் உண்டு, திருச்சியில். துறையூரில் இருக்கும் என் மகனுக்கு அதனால் என்ன பயன்?

2020இல் நிறைவேறி, இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது. நிறுவனம் தானே காப்பகம் நடத்தாமல், நகராட்சியோ மாநில அரசோ தொண்டு நிறுவனமோ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் சேர்ந்தும் அமைக்கலாம். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் அமைக்க 'பால்னா' என்ற மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது. துறையூரில் ஒரே ஒரு அங்கன்வாடியையாவது மாலை ஆறரை வரை காப்பகமாக நடத்தட்டும். என்னைப் போன்றவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் அதற்குப் பங்கு கொடுக்கட்டும். நாங்களும் மாதம் ஒரு தொகை தரத் தயார். கோடிங் பார்ப்பவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை. வீட்டில் தையல் மெஷின் மிதிக்கிறவர்களும், வெளியே கடையில் நிற்கிறவர்களும் பிள்ளையை விட இடமில்லாமல்தான் தவிக்கிறார்கள்.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக இதுவரை 31 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அடுத்த திங்கட்கிழமை திருச்சி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். நான் லீவு சொல்லிவிட்டேன். மகனையும் கூட்டிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் கிளம்புகிறோம்.

இப்படிக்கு,
வாசகி,
துறையூர்.