காலியில் எங்கே தங்குவது?

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மங்கை,

இங்கே தென்மேற்குக் கரையில் இருக்கும் காலி நகரில் எங்கே தங்குவது என்று கேட்ட உன் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே உன் மகனின் குரல் செய்தியும் வந்துவிட்டது. "சித்தி, அம்மா கோட்டை என்று எழுதுவாள், நீங்கள் கடற்கரை என்று பதில் போட்டுவிடுங்கள்" என்று எனக்கே உத்தரவு. பதினேழு வயதில் நமக்கு இந்தத் துணிச்சல் இருந்திருந்தால் விடுதிக் காப்பாளரிடம் அத்தனை பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இங்கே எல்லோரும் நலம். இவருக்குக் கண்புரை அறுவை முடிந்தது. இப்போது எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டையில் எத்தனை பொத்தான் என்று எண்ணிச் சொல்கிறார். மகள் டொரொண்டோவிலிருந்து சித்திரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். போன சித்திரைக்கும் சொன்னாள். அரிசி விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. 2022ஆம் ஆண்டு பெட்ரோல் வரிசையில் நின்றதை நினைத்தால் மற்றதெல்லாம் பரவாயில்லை என்று தோன்றும், அவ்வளவுதான்.

சரி, உன் வீட்டு வழக்குக்கு வருகிறேன். நீ காலிக் கோட்டைக்குள் தங்க வேண்டும் என்கிறாய். உன்னவரும் பிள்ளைகளும் உனவட்டுனக் கடற்கரையிலேயே அறை வேண்டும் என்கிறார்கள். மாமி எங்கே வேண்டுமானாலும் வருவார், படிக்கட்டு மட்டும் கூடாது. பொங்கல் விடுமுறையில் வருகிறீர்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோட்டைக்குள் தங்குங்கள், கடலுக்குப் போய்வாருங்கள். நீ என் தோழி என்பதற்காகச் சொல்லவில்லை. உன்னவரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டலாம்.

கடற்கரையில் மனிதர் இருக்கக்கூடிய நேரத்தைக் கணக்குப் பார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். நடுவில் மணல் சுடும், எல்லோரும் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே கிடப்பார்கள். உனவட்டுன கோட்டையிலிருந்து ஐந்து கிலோமீட்டர். முச்சக்கர வண்டியில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஈரத் துணியோடு திரும்புவது ஒன்றுதான் சிரமம். கோட்டையின் கணக்கு இதற்கு நேர் எதிர். பகல் முழுக்க அது ஊரார் சொத்து. பத்து மணிக்கெல்லாம் சுற்றுலா பஸ்கள் வந்துவிடும். வெள்ளைக்காரர்கள், சீனர்கள், கல்யாணப் படம் எடுக்க வந்த சிங்களத் தம்பதிகள், வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகள் என்று தெருவே நிரம்பும். இருட்டிய பிறகு அத்தனை பேரும் போய்விடுவார்கள். அதன் பிறகும், விடிந்து ஏழு மணி வரைக்கும், அது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமான ஊர். அந்த நேரம் வேண்டுமென்றால் அங்கே படுக்கை போட்டுத்தான் ஆக வேண்டும். வெளியிலிருந்து போய்வந்து அதைப் பெற முடியாது.

மதிலின் மேல் ஒரு முறை முழுதாகச் சுற்றி வர ஒரு மணி நேரம் போதும், நின்று நின்று போனால் இன்னும் கொஞ்சம் ஆகும். மேலே நிழலே கிடையாது. விடியற்காலையிலோ ஐந்து மணிக்குப் பிறகோதான் ஏற வேண்டும். தரைப் பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளங்கள். கடல் பக்கம் கொடிப் பாறை. அங்கே இளைஞர்கள் உயரத்திலிருந்து பாறைகளுக்கு நடுவே குதித்துக் காட்டிக் காசு கேட்பார்கள். உன் மகன் கண்ணில் அதைப் படவிடாதே. இன்னும் நடந்தால் 1939இல் கட்டிய கலங்கரை விளக்கம், அதன் எதிரே பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்த்தால் மாதா கோயில் என்றே நினைப்பாய். விளக்கத்தின் அடியிலேயே சிறு மணல்திட்டு ஒன்று இருக்கிறது. சின்ன அலைதான், பிள்ளைகள் காலையில் எழுந்து துண்டோடு நடந்தே போய்க் குளித்துவிட்டுப் பசியோடு வரலாம். கோட்டையில் கடல் இல்லை என்று உன் வீட்டில் யார் சொன்னது?

பழைய வாயிலைக் கட்டாயம் காட்டு. வெளிப்பக்கம் பிரிட்டிஷ் சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் 1669 என்ற ஆண்டோடு டச்சுக் கம்பெனியின் சின்னம், நடுவே வி.ஓ.சி. என்ற எழுத்துகள். உன் பிள்ளைகள் தூத்துக்குடிச் சிதம்பரனாரைத்தான் நினைப்பார்கள். இரண்டும் கப்பல் கம்பெனி விவகாரம் என்பதோடு பொருத்தம் முடிந்தது. போர்த்துக்கேயர் முதலில் அரண் எழுப்பினார்கள், 1640இல் டச்சுக்காரர் பிடித்துப் பவளக்கல்லும் கருங்கல்லும் கொண்டு இன்றைய மதிலைக் கட்டினார்கள், 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பாண்டிச்சேரி, தரங்கம்பாடி எல்லாம் பார்த்தவள் நீ. ஆனால் மதிலுக்குள் ஒரு ஊர் முழுசாக உயிரோடு இருப்பதை அங்கே பார்த்திருக்க மாட்டாய்.

அந்த உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்பதையும் எழுத வேண்டும். பழைய குடும்பங்கள் பல வீடுகளை விற்றுவிட்டுப் போய்விட்டன. வாங்கியவர்கள் விடுதி, நகைக்கடை, காப்பிக்கடை என்று மாற்றிவிட்டார்கள். சுவர்கள் முன்னைவிட வெள்ளையாக இருக்கின்றன; திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற கிழவர்களைக் காணோம். ஆனாலும் பள்ளிவாசல் பக்கத்துத் தெருக்களில் இன்னும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. சில வீடுகளில் பேச்சு தமிழ்தான். மாலையில் ஜன்னல் வழியே "எங்க போயிட்டு வாராய்?" என்று ஒரு தாய் அதட்டும் குரல் கேட்டால் நீ திடுக்கிட்டு நிற்கப்போகிறாய். சிங்கள ஊரின் டச்சுக் கோட்டைக்குள் நம் மொழி.

தமிழ் என்றதும் இன்னொன்று. கொழும்பில் என்னோடு ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் காலிக்குப் போகிறாய். அன்று தேசிய அருங்காட்சியகத்துக்கு உன்னை அழைத்துப்போவேன், மறுக்காதே. அங்கே ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுத்து. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாத்தைச் சார்ந்து. தமிழில் தேனாவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்முனையில் இருந்த திருமாலுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்ததைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரே கப்பலில் வந்து, மூன்று தெய்வத்துக்கும் காணிக்கை வைத்து, எதற்கும் மனக்குறை வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் அந்த மனிதர்! 1911இல் இந்தக் கல்லைக் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்தது. அந்தத் திருமால் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். இடம் இன்றைய தெவிநுவர, காலியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். வண்டி பிடித்தால் போய்ப் பார்க்கலாம். அங்கே இப்போதும் விஷ்ணுவுக்கு ஒரு கோயில் இருக்கிறது, தீவின் தென்கோடிக் கலங்கரை விளக்கமும் இருக்கிறது. வரலாறு படித்தவள் நீ, இந்தப் பயணத்தில் உனக்கென்று ஒரு பகல் வேண்டாமா?

இனிக் கடற்கரைக் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். உனவட்டுன வளைவான குடா. ரூமஸ்ஸல குன்று ஒரு பக்கம் காற்றைத் தடுப்பதால் ஜனவரியில் நீர் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் குறைவு. சிவப்புக் கொடி பறந்தால் மட்டும் இறங்கக் கூடாது. ஆனால் மணல்பரப்பு முன்பு போல அகலமாக இல்லை. சாப்பாட்டுக் கடைகள் அலை தொடும் வரைக்கும் நாற்காலி போட்டிருக்கிறார்கள். இரவு இசை நள்ளிரவு தாண்டியும் ஓடும். எங்கள் உறவினர் திருமணத்துக்குப் போனபோது கடலோர விடுதி ஒன்றில் இரவு முழுக்கத் தூங்காமல் இவர் ராகம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். மாமியை அங்கே படுக்கவைக்க உன்னவருக்கு மனம் வருமா, கேள். அடுத்த கரையான தலவெல்லவில் கூட்டம் கொஞ்சம் குறைவு, பாறைகள் அணைகட்டியதுபோல நிற்பதால் குளம் மாதிரி நீர். ஆமைகள் கரையோரம் வரும். தூரத்திலிருந்து பார்க்கச் சொல், தொடவோ தீனி போடவோ விடாதே.

மாமிக்கு ரூமஸ்ஸலையைக் காட்டு. சஞ்சீவி மலையை அனுமன் தூக்கி வந்தபோது உடைந்து விழுந்த துண்டு இதுதான் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். குன்றின் மேல் ஜப்பானியர் கட்டிய சமாதானத் தூபி வரைக்கும் வண்டி போகும். அங்கிருந்து குடாவுக்கு அப்பால் கோட்டை முழுவதும் தெரியும்.

பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று சமரசம் பேசுவார்கள். ஒப்புக்கொள்ளாதே. நான்கு இரவுக்கு இரண்டு இடம் என்றால் ஐந்து பேரின் பெட்டியைக் கட்டி, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்து, இரண்டு மணி வரை அடுத்த அறைக்காகக் காத்திருந்து, ஒரு பகல் முழுதும் போய்விடும். கட்டுவது யார், நீதானே?

செலவு கோட்டைக்குள் கூடுதல்தான், அதை மறைக்கமாட்டேன். அதே காசுக்கு உனவட்டுனவில் பெரிய அறையும் குளியல் தொட்டியும் கிடைக்கும். கோட்டைக்குள்ளேயே குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளைத் தேடினால் கட்டுப்படியாகும். டச்சு வீடுகள் உங்கள் செட்டிநாட்டு வீடு மாதிரிதான், நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நடுவில் முற்றம். வாசற்படி உயரம் என்பதால் முதல் நாள் மாமியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: இங்கே தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவது வழக்கம். காய்கறிக் குழம்பிலும் சில இடங்களில் சேர்த்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, மாமிக்கு மணத்தில் தெரிந்துவிடும். சமையலறையில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தனியாகச் செய்து தருவார்கள்.

உன்னவர் "எதற்கும் மே மாதம் போகலாமே" என்று ஒரு வரி எழுதியிருந்தார் அல்லவா, அதற்கும் பதில். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும், செப்டெம்பர் வரை இந்தக் கரையில் கடல் சீறும், குளிக்க முடியாது. அப்போது கோட்டையா கடற்கரையா என்ற சண்டையே வேண்டாம், திருகோணமலைக்குப் போங்கள். வெயில் வாட்டும், ஆனால் நிலாவெளியில் கடல் தெளிந்து கிடக்கும். கோணேசர் கோயிலே கோட்டைக்குள் பாறையின் உச்சியில் இருக்கிறது, வழியில் மான்கள் மேயும். எனக்கு உள்ளூர அதுதான் இன்னும் பிடிக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவு வரும் மாதம், நீ எங்கே கிளம்பப்போகிறாய்!

2004 சுனாமியைப் பற்றி மாமி பயப்படுவதாக எழுதியிருந்தாய். அன்று மதிலுக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நீருக்குள் போயின. கோட்டைக்குள் அந்த அளவு சேதம் இல்லை. காலிக்குப் போகும் வழியில் பெரலியவில் ரயிலையே அலை புரட்டிப் போட்டது, அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. மாமியிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

ரயிலில்தான் போக வேண்டும். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரம். வலப்பக்கம் உட்காருங்கள், பாதி வழிக்குக் கடல் தண்டவாளத்தோடு ஓடி வரும். காலி நிலையத்திலிருந்து கோட்டை வாயில் நடக்கும் தூரம்தான், பெட்டியோடு என்றால் முச்சக்கர வண்டி. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகலாம், ஆனால் பார்ப்பதற்கு ரப்பர் தோட்டம் மட்டும்தான்.

பொங்கலை எங்கள் வீட்டில் பொங்கிவிட்டு மறுநாள் கிளம்பலாம் என்பது என் எண்ணம். பால் பொங்கும்போது பட்டாசு வெடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்று உன் மகளுக்குச் சொல்லிவை, சமையலறைக்குள் அலறப்போகிறாள். திருச்சியிலிருந்து விமான டிக்கெட் போட்டதும் தேதியைத் தெரிவி. கீழ்த்தளத்தில் இரண்டு அறை, பக்கத்துப் பக்கத்தில், குளியலறை அறையோடு சேர்ந்தது என்று தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு வைக்கிறேன். உன்னவர் இன்னும் பிடிவாதமாக இருந்தால் என்னோடு நேரில் கதைக்கச் சொல். கூடவே இரண்டு கட்டு வெற்றிலை, இங்கே கிடைப்பது வாயில் வைக்க முடியவில்லை.

அன்புடன்,
சிவகாமி