அந்தத் ‘தவிர’வையும் படியுங்கள்: குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சியில் என் அக்கம்பக்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை நானும் பார்த்தேன். “குப்பைமேடு லிஸ்ட்ல இருந்து போயாச்சு, இனிமே வீட்டு விலை ஏறும்” என்று ஒருவர் போட்டதும் வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள், நடுவில் ஒரு லட்டுப் படம், யாரோ ஒருவர் “அப்போ கிணறு தோண்டித் தோட்டம் போடலாமா?” என்றுகூடக் கேட்டிருந்தார். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. தோண்டாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அது இன்னும் போகவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது நாம் சொல்லும் ஈ.பி.ஏ., அதைத் தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து, அதாவது நச்சுக் கழிவால் கெட்டுப்போய்ச் சுத்தம் செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து, நீக்கப் போவதாக ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் அறிவித்திருக்கிறது, அவ்வளவுதான். அறிவித்த நாளிலிருந்து 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அந்த 30 நாளில் ஒரு வாரத்தை லட்டு தின்றே கழித்துவிட்டோம்.

எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவள் என்று எனக்கு இந்தக் குழுவில் ஒரு பெயர் உண்டு, தெரியும். அதனால் இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பட்டியலிலிருந்து நீக்குவதை நான் எதிர்க்கவில்லை. எண்பதுகளில் ஏறிய பெயர், சட்டப்படி செய்ய வேண்டிய வேலை முடிந்திருந்தால் இறங்கத்தான் வேண்டும். இறங்குவதற்கு நீங்கள் கொடுக்கும் அர்த்தம்தான் எனக்கு இடிக்கிறது.

ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா ஒருநாள் மாலை நடைப்பயிற்சியில் வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைப்பசேலென்று இருந்த மேட்டைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு அழகான புல்வெளியில எதுக்கும்மா இத்தனை குழாய் நட்டு வெச்சிருக்காங்க?” என்று கேட்டார். வளைந்த கைப்பிடி வைத்த குடை மாதிரி, தலைகீழாகக் கவிழ்ந்த குழாய்கள். உள்ளே மட்கும் குப்பையிலிருந்து வரும் வாயு வெளியேறத்தான் அவை. அந்த வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். வழிவிடாமல் அடைத்தால் அது மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் நகர்ந்து யார் வீட்டு நிலவறைக்காவது போய்ச் சேரும். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட அடுத்த கேள்வி: “அப்போ குப்பை உள்ளேயேதான் இருக்கா? சுத்தம் பண்ணிட்டாங்கன்னு சொன்னியே?”

உள்ளேயேதான் இருக்கிறது. சென்னையில் பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரித்து எடுத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நச்சுக் குப்பைமேடுகளில் இங்கே பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. மூடி வைக்கிறார்கள். மேலே புல், அதன் கீழே மண், அதற்கும் கீழே தண்ணீர் வடிய ஓர் அடுக்கு, அப்புறம் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, களிமண். மழை உள்ளே இறங்காது, இறங்காததால் கசிவுநீர் குறையும், மிச்சம் கசிவதைக் குழாய் வைத்துச் சேகரித்துச் சுத்திகரிப்பார்கள், சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகளில் அவ்வப்போது நீரெடுத்துப் பார்ப்பார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நன்றாகவே வேலை செய்யும் முறை. ‘பார்த்துக்கொண்டால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த அறிவிப்பையே எடுத்துப் படியுங்கள். இந்த மாதிரி நீக்க அறிவிப்புகளில் அச்சு வார்த்தது போல ஒரு வாக்கியம் வரும்: பராமரிப்பு, கண்காணிப்பு, ஐந்தாண்டு மீளாய்வு ஆகியவை தவிர, இனி வேறு நடவடிக்கை தேவையில்லை. நம் ஆட்கள் ‘வேறு நடவடிக்கை தேவையில்லை’யை மட்டும் வெட்டியெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தத் ‘தவிர’வில்தான் இனிமேல் நம் வாழ்க்கை ஓடப்போகிறது. கிணறு கேட்ட நண்பருக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. கழிவு உள்ளே கிடக்கிறவரை நிலத்தைத் தோண்டவோ நிலத்தடி நீரை எடுக்கவோ கூடாது என்ற கட்டுப்பாடுகள், பெயர் பட்டியலிலிருந்து இறங்குவதால் தாமாக ரத்தாகிவிடுவதில்லை.

கொஞ்சம் பின்கதை. இந்தப் பட்டியலுக்கு அடிப்படையான சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980 டிசம்பரில் ஜிம்மி கார்ட்டர் பதவியை விட்டுப் போகும் நேரத்தில் கையெழுத்தானது. முதல் பட்டியல் 1983 செப்டம்பரில் 406 இடங்களோடு வெளிவந்தது. ஓர் இடத்தின் அபாய மதிப்பெண் 28.5 அல்லது அதற்கு மேல் வந்தால் பட்டியலில் ஏறலாம். இன்றைக்கு அதில் 1,300க்கும் மேற்பட்ட இடங்கள், அதில் 100க்கும் மேல் நம் மாநிலத்தில்தான், வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை (தோட்ட மாநிலம் என்று வண்டி நம்பர் பலகையில் போட்டுக்கொள்கிறோம், சரி). நீக்க வேண்டுமென்றால் பொறுப்பாளிகளோ அரசோ செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்திருக்க வேண்டும், அல்லது ஆய்வில் ஆபத்தே இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மாநில அரசும் ஒப்புக்கொள்ள வேண்டும். சும்மா ஒரு அதிகாரி பேனாவால் அடித்துவிட முடியாது.

ஆனாலும் தவறு நடந்திருக்கிறது, அதுவும் நம் மாநிலத்தில்.

வடக்கே ரிங்வுட் என்ற ஊர். பழைய இரும்புச் சுரங்கங்கள் உள்ள சுமார் 500 ஏக்கர் காடும் மலையும், அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ராமபோ லெனாபே பூர்வகுடி மக்கள். அறுபதுகளின் கடைசியில், எழுபதுகளின் தொடக்கத்தில், மாவா என்ற ஊரில் இருந்த ஃபோர்டு கார் ஆலையின் பெயின்ட் கசடை லாரி லாரியாகக் கொண்டுவந்து அந்தச் சுரங்கக் குழிகளிலும் காட்டிலும் கொட்டினார்கள். 1983இல் பட்டியலில் ஏறியது. 1987-88இல் சுமார் 7,000 கன கெஜம் கசடை அள்ளினார்கள். 1994இல் வேலை முடிந்தது என்று பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அங்கேயும் அன்றைக்கு யாராவது லட்டு கொடுத்திருப்பார்களோ என்னவோ. ஆனால் கசடு போகவில்லை. அங்கே வாழ்ந்த மக்கள்தான் வீட்டுப் பக்கத்திலும் காட்டுப் பாதையிலும் கெட்டிப்பட்ட பெயின்ட் கட்டிகளைக் காட்டிக் காட்டிச் சொன்னார்கள், ஃபோர்டு நிறுவனத்தார் திரும்பத் திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று அள்ளிக்கொண்டு போனார்கள், கடைசியில் 2006இல் அந்த இடத்தை மறுபடியும் பட்டியலில் ஏற்ற வேண்டிவந்தது. நீக்கிய ஓர் இடத்தை ஈ.பி.ஏ. திரும்ப ஏற்றியது அதுதான் முதல்முறை. அதற்குப் பிறகு அங்கிருந்து அகற்றிய கசடும் மண்ணும் பல பத்தாயிரம் டன். முதல் தடவை அள்ளியதைவிட இரண்டாவது தடவை அள்ளியது பல மடங்கு என்றால், நடுவில் ‘சுத்தமான இடம்’ என்று இருந்த அந்த 12 ஆண்டுகளுக்கு என்ன பெயர் வைப்பது?

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ‘அரசை நம்பாதே’ என்பதை இல்லை. திரும்ப ஏற்றுவதற்கு விதியில் வழி இருந்தது: நீக்கிய இடத்தில் புதிதாகப் பெரிய கசிவு தெரிந்தால், மறுபடி மதிப்பெண் எல்லாம் போடாமலே பட்டியலில் சேர்க்கலாம். வழி இருந்தும் 12 ஆண்டு ஆனது, அதுவும் அங்கேயே வாழ்ந்தவர்கள் கண்ணில் பட்டதை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் அப்போதாவது நடந்தது. நம் தெருவில் அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நம்மில் பாதிப் பேர் மூன்று வருடத்துக்கொருமுறை வேலை மாறி வீடு மாறுகிறவர்கள்.

லவ் கேனல் கதை உங்களில் பலருக்குத் தெரியும். நயாகரா ஃபால்ஸ் நகரில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் ஏறத்தாழ 20,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவைக் கால்வாயில் புதைத்து, 1953இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தது. உள்ளே ரசாயனம் இருக்கிறது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. எழுதியிருந்தும் அதன்மேல் பள்ளிக்கூடம், சுற்றிலும் வீடுகள், 1978இல் அவசரநிலை. இந்தச் சட்டமே பிறந்ததற்கு அந்த ஊர் ஒரு முக்கியக் காரணம். அதுவும் 2004 செப்டம்பரில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் இன்றும் அந்த இடத்தைச் சுற்றி வேலி இருக்கிறது, கசிவுநீரை எடுத்துச் சுத்திகரிக்கும் வேலை நடக்கிறது. நீக்கம் என்பதற்கு இதுதான் பொருள். நல்லபடியாக நடந்தாலும் இதுதான்.

இப்போது நம் மேட்டுக்கு வருவோம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மீளாய்வில் அவர்கள் மூன்று கேள்வி கேட்டுப் பதில் எழுத வேண்டும். செய்த வேலை நினைத்தபடி பலன் தருகிறதா? அன்றைக்கு வைத்த கணக்குகளும் அளவுகளும் இன்றைக்கும் செல்லுமா? புதிதாக ஏதாவது தெரியவந்திருக்கிறதா? இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அளவுகோலே நகர்ந்துகொண்டிருக்கிறது. குடிநீரில் ஆர்செனிக் நூறு கோடியில் 50 பங்கு இருக்கலாம் என்று இருந்தது, 2006 முதல் அது 10, நம் மாநிலத்தில் 5. குப்பைமேட்டின் அடியில் ஆக்சிஜன் இல்லாத நிலை வரும்போது, யாரும் கொட்டாத ஆர்செனிக்கூட மண்ணில் இயற்கையாக இரும்போடு ஒட்டியிருந்தது பிரிந்து நீரில் கலக்கும். ஆக, ‘நாங்கள் அதைக் கொட்டவில்லை’ என்பது பதிலாகாது.

அதைவிடப் பெரிய விஷயம் பி.எஃப்.ஏ.எஸ். ஒட்டாத வாணலி, கறை படியாத கம்பளம், தீயணைப்பு நுரை எல்லாவற்றிலும் இருந்த, எளிதில் சிதையாத ரசாயனக் குடும்பம். இந்த மேட்டுக்குத் திட்டம் போட்ட காலத்தில் அதைச் சோதிக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. 2024 ஏப்ரலில் ஈ.பி.ஏ. அந்தக் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். இரண்டுக்கும் குடிநீரில் லட்சம் கோடியில் 4 பங்கு என்று வரம்பு வைத்தது, அதே மாதம் அவை இரண்டையும் சூப்பர்ஃபண்ட் சட்டத்தின்கீழ் அபாயப் பொருள்கள் என்றும் அறிவித்தது. வீட்டுக் குப்பையும் ஆலைக் குப்பையும் கலந்து கொட்டிய மேட்டில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் கண்காணிப்புக் கிணறுகளில் அதைச் சோதித்தார்களா, எந்த ஆண்டு, எந்தக் கிணற்றில், எவ்வளவு வந்தது? நீக்குவதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும். நான் அனுப்பப்போகும் கருத்தில் முதல் கேள்வி இது.

இரண்டாவது, பணம். மூடியைப் பராமரிப்பது என்றால் புல் வெட்டுவது மட்டுமில்லை. மரம் முளைத்து வேர் விரிப்பைக் கிழிக்காமல் பார்க்க வேண்டும், கிரவுண்ட்ஹாக் வளை தோண்டினால் அடைக்க வேண்டும் (சிரிக்காதீர்கள், குப்பைமேட்டு ஆய்வறிக்கைகளில் அந்தப் பிராணி அடிக்கடி வரும்), பம்புகளை மாற்ற வேண்டும். இதை இன்னும் 30, 40 ஆண்டுக்குச் செய்ய வேண்டிய நிறுவனம் அதுவரை இருக்குமா, இல்லாமல் போனால் ஈடாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது நம் உரிமை. முக்கியமான கருத்துகளுக்கு அவர்கள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

வீட்டு விலை பற்றி: எனக்கும் இங்கே வீடு இருக்கிறது, எனக்கும் கடன் இருக்கிறது. விலை ஏறினால் எனக்கும் சந்தோஷம்தான், வேஷம் போடவில்லை. ஆனால் வாங்க வருகிற அடுத்த குடும்பத்திடம் “அதெல்லாம் க்ளீன் ஆயிடுச்சு” என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். மூடியிருக்கிறது, கண்காணிக்கிறார்கள், கிணறு மட்டும் தோண்டாதீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் பனிக்காலத்தில் பிள்ளைகளை வேலி ஓட்டை வழியாக அந்த மேட்டில் சறுக்க அனுப்புகிறவர்களே, உங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை காலை 11 மணிக்கு நம் ஊர் நூலகத்தில் இருப்பேன். இந்த இடத்தின் ஆவணக் கோப்புகள் அங்கே யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கின்றன, கடைசி ஐந்தாண்டு மீளாய்வும் அதில் இருக்கிறது, நான் பாதிவரை படித்திருக்கிறேன். மீதியைப் படிக்க இன்னும் இரண்டு மூன்று பேர் வேண்டும். வேதியியல் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், ஒளிய வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும், ஆங்கிலம் பார்த்துக்கொள்ளலாம். லட்டு மிச்சம் இருந்தால் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
மேட்டுக்கு நேர் எதிர் வரிசையில் குடியிருக்கும் உங்கள் தோழி