கச்சானும் இறாலும்: மகளுக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில், “என்னுடைய கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் வந்துவிடுமா அம்மா?” என்று கேட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி உன்னைத் தேற்றுவதைவிட, ஆறுதலாக இருந்து எழுதுவதே நல்லதென்று தோன்றியது.

முதலில் நம்முடைய வீட்டையே எடுத்துக்கொள். காலிமுகத்திடலில் இறால் வடை பொரிக்கிற ஆவி பட்டாலே எனக்குக் கண்மடல் தடித்துவிடும். நீயோ அந்த வடையில் இரண்டைத் தின்றுவிட்டு, பக்கத்து வண்டிலில் வறுபடும் கச்சானுக்குப் பயந்து மறுபக்கத்தால் நடப்பாய். அப்பாவுக்குச் சாப்பாட்டில் ஒன்றும் இல்லை, மூச்சிழுக்கும் தொய்வு மட்டுந்தான்; தம்பிக்கு அதுவும் இல்லை. பரம்பரையாக வருவது ஒவ்வாமைப்படும் இயல்பே தவிர, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியல் அல்ல. உன் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைவிட வாய்ப்புச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அந்த இயல்பு தோலில் கரப்பானாக வரலாம், தும்மலாக வரலாம், வராமலும் விடலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குக் கச்சான் ஒவ்வாமை இருந்தபோது மற்றவருக்கும் அது இருந்தது நூற்றுக்கு 64 வீதமான சோடிகளில்தான். வெவ்வேறு கருவில் உருவான இரட்டையரில் அது 7 வீதம் மட்டுமே. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும், முழுப் பங்கும் அதற்கில்லை என்பதையும் இந்த இரண்டு எண்களிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். உன் இரத்தத்தில் கச்சானுக்கு எதிராக இருக்கும் ஐஜிஈ என்ற, ஒவ்வாமையை உண்டாக்கும் பிறபொருளெதிரி சூல்வித்தகத்தை (நஞ்சுக்கொடியை) கடந்து பிள்ளைக்குப் போவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது, மச்சாளின் பேச்சைக் கேட்டு நீ முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாய் என்பதுதான். தோலில் கடியும் தடிப்பும் வரச்செய்யும் கிரந்திச் சாப்பாடு என்று இங்கேயும் பெரியவர்கள் ஒரு நீண்ட பட்டியல் வைத்திருந்தார்கள். அவர்களை நான் பழிக்கவில்லை, ஏனென்றால் நீ இருக்கிற பிரித்தானியாவிலேயே 1998இல், ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகள் கச்சானைத் தவிர்ப்பது நல்லதென்று அதிகாரபூர்வமாக ஆலோசனை சொல்லி, அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2009இல் அவர்களே அதைக் கைவிட்டார்கள். உனக்கு ஒத்துக்கொள்ளாதது கச்சான்; அதை மட்டும் முழுதாக விட்டுவிடு. மற்றவற்றை நிறுத்துவதால் பிள்ளைக்கு ஒவ்வாமை குறையப் போவதில்லை, உனக்குப் புரதமும் கல்சியமும்தான் குறையும்.

ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் வெடித்துக் கிடந்தது. மூன்று வயது வரை முட்டையையும் கச்சானையும் கண்ணில் காட்டக் கூடாதென்று ஒரு வைத்தியர் சொன்னார். நான் ஒரு நாளும் தவறாமல் அதைக் கடைப்பிடித்தேன். அப்படிச் செய்ததால்தான் உனக்கு இது வந்ததென்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் லண்டனில் கிடியன் லாக் என்பவரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, நான்கிலிருந்து பதினொரு மாதம் வரையான 640 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கச்சான் உணவைத் தொடர்ந்து கொடுத்தும், மற்றவர்களுக்குக் கொடுக்காமலும் ஐந்து வயது வரை பார்த்தார்கள். தவிர்த்தவர்களில் ஏறக்குறைய 17 வீதமானோருக்கு ஒவ்வாமை வந்தது. சாப்பிட்டவர்களில் 3 வீதமானோருக்குத்தான் வந்தது. வெடித்த தோல் வழியாக முதலில் உள்ளே போகும் உணவை உடல் பகையாகப் பார்க்கும், வாய் வழியாக முதலில் வந்தால் உறவாக ஏற்றுக்கொள்ளும் என்பது அவர்களுடைய விளக்கம்.

ஆகவே பிள்ளைக்கு ஆறு மாதமளவில், முழுக் கடலையாக அல்ல (அது தொண்டையில் அடைக்கும்), நன்கு அரைத்த கச்சான் பசையைக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்க வேண்டிவரும். கரப்பான் கடுமையாக இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டிப் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும்; அந்த ஆய்விலும் தோல் பரிசோதனையில் பெரிதாகத் தடித்த குழந்தைகளைச் சேர்க்கவில்லை. ஆனால் அந்தச் சிறு போத்தல்கூட உன் வீட்டில் ஆபத்துத்தானே. மருமகன் தனிக் கரண்டியால் ஊட்டி, பிள்ளையின் வாயையும் கையையும் தன் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, மேசையைத் துடைத்த பிறகே நீ பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் நீ வேறு அறையில் இருப்பது இன்னும் நல்லது. இதை இப்போதே அவரோடு பேசிவைத்துக்கொள்.

கடும் ஒவ்வாமை வந்தால் போடுகிற அட்ரினலின் பேனா ஊசியைக் கர்ப்பகாலத்தில் போட்டால் பிள்ளைக்குக் கூடாது என்று நீ நினைப்பதாகத் தெரிகிறது. அது தவறு. மூச்சு முட்டி இரத்த அழுத்தம் விழுந்தால் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். அதைத் தடுக்கிற மருந்து அதுதான். தயங்காமல் தொடையில் போட்டு, 999ஐ அழைத்து, இடப்பக்கமாகச் சரிந்து படு. இருபத்திரண்டு வாரமான வயிற்றோடு மல்லாந்து படுக்கக் கூடாது. பேனா இரண்டும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும், திகதியையும் பார்த்துக்கொள்.

பிள்ளையை வார்க்க நல்லெண்ணெய் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன், அனுப்பப் போவதில்லை. எள்ளும் ஒவ்வாமை தருகிற பொருள், அந்தத் தோல் எப்படியிருக்கும் என்று இப்போது தெரியாது. பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற சரக்குத்தூளை மட்டும் பிள்ளைப்பேற்றுக்கு இரண்டு கிழமை முன்னர் நானே கொண்டுவருவேன். மில்லில் கொடுத்தால் முன்னுக்கு எவர் எதைத் திரித்தாரோ தெரியாது; ஆகையால் கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரைத்து, என்னென்ன சேர்த்தேன் என்று உறையின் மேல் எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா